நல்லவனாகிப்போன இன்பராஜ்

ஹெலனின் புருஷன் இன்பராஜ் ஐம்பத்தைந்து வயதில் திடீரென்று நல்லவனாகிப்போனான். அதற்கு முன்னால் கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆனால் இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் ஒரு நாளாவது அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்த ஆள் இல்லை. தோல் பதனிடுகிற டேனரியில் வேலை முடிந்து வந்தால் காலை நீட்டி டிவி முன்னால் உட்காருவான், தண்ணீர்ச் சொம்பு கைக்கு வந்து சேர வேண்டும். அப்பேர்ப்பட்டவன் போன அக்டோபரிலிருந்து தினமும் சாயங்காலம் ஓமத்தைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆற்றி, டம்ளரைப் பெண்டாட்டி கையில் கொடுத்தான். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவிவிட்டான். தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனால் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டான்.

ஹெலனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற லைனில், பக்கத்து மெஷின் மஹ்பூபியிடம் தினமும் இதே பாட்டுதான்.

"எங்க வூட்டுக்காரர் நேத்து ரசம் வெச்சாரு மஹ்பூபி."

"யாரு, இன்பராஜ் அண்ணனா? ரசத்துல இன்னா போட்டாரு, தோலு ஊறவைக்கிற மருந்தா?"

"போடி, உனக்குப் பொறாமை."

லைன் முழுக்கச் சிரித்தது. ஹெலனும் சிரித்தாள். ஐம்பத்தொரு வயதில் வெட்கப்பட ஒரு காரணம் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

இதெல்லாம் அவளுடைய வயிற்றிலிருந்து ஆரம்பித்தது. ஆகஸ்டிலிருந்தே வயிறு உப்பிக்கொண்டு நின்றது. இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. அடிவயிற்றில் ஒரு கனம். அடிக்கடி ஒன்றுக்கு வந்தது. லைனில் முப்பது பெண்களுக்குச் சேர்த்து ஒரே ஒரு பாத்ரூம் டோக்கன்; அது சூப்பர்வைசர் மேஜையில் தொங்கியதைவிட ஹெலன் கழுத்தில் தொங்கியதுதான் ஜாஸ்தி. மற்றவர்கள் காலை இடுக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் கம்பெனியில் மெடிக்கல் கேம்ப் போட்டார்கள். வந்திருந்த லேடி டாக்டர் சாப்பாட்டுக் கூடத்தில் மைக்கைப் பிடித்து, சுற்றி வளைக்காமல் பேசினார்.

"வயிறு உப்பிக்கிட்டே இருக்கு, ரெண்டு வாய் சாப்பிட்டாலே ரொம்பிடுது, அடிவயிறு வலிக்குது, அடிக்கடி யூரின் வருது. இதையெல்லாம் நாம கேஸ்னு சொல்லித் தள்ளிடுவோம். எப்பவோ ஒரு நாள் வந்துட்டுப் போனா பயப்பட வேணாம். முன்ன இல்லாம புதுசா வந்து, ரெண்டு மூணு வாரமா கிட்டத்தட்ட தினமும் இருந்தா, சினைப்பையைப் பாக்கணும். அம்பது தாண்டினவங்க கண்டிப்பா பாக்கணும். அங்க வர்ற புத்துநோய் சத்தம் போடாது. சீக்கிரம் கண்டுபிடிச்சா காப்பாத்த வழி இருக்கு."

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஹெலன் மட்டும் எழுந்து நின்றாள்.

"நீங்க சொன்ன நாலும் எனக்கு இருக்கு டாக்டர். மாசவிலக்கு நின்னு ரெண்டு வருஷம் ஆவுது."

அவ்வளவு பேர் நடுவில் அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும் சொல்லுங்கள்! டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரமே ஹெலன் போய் இரண்டையும் எடுத்தாள். கம்பெனிக்குள் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்பதால் ஸ்கேன் சென்டரில் புருஷன் நம்பரைக் கொடுத்தாள். ரிப்போர்ட்டை இன்பராஜ்தான் போய் வாங்கினான். இதில் அவள்மேல் என்ன குறை? தெரிந்துகொண்டாள், கூச்சப்படாமல் கேட்டாள், தள்ளிப்போடாமல் போனாள். ஒரு மனுஷி செய்ய வேண்டிய அத்தனையையும் செய்தாள்.

"இன்னாங்க சொன்னாங்க?" என்று அன்று சாயங்காலம் கேட்டாள்.

இன்பராஜ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "ஒண்ணும் இல்லையாம். குடல்ல காத்து ஜாஸ்தியா இருக்காம். ரிப்போர்ட்டை அவங்களே வெச்சிக்கினாங்க."

ஹெலன் முழங்கால் போட்டுக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். ஓமத் தண்ணீர் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

அப்புறம் வீட்டில் மகள் கிறிஸ்டினாவின் கல்யாண வேலை. மாப்பிள்ளை பள்ளிகொண்டாவில் பள்ளிக்கூட வாத்தியார். அவர்கள் சபையில் லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் முடிகிறவரை கல்யாணம் கிடையாது. டிசம்பர் கிறிஸ்மஸோடு போய்விடும். அதனால் ஜனவரியை விடக் கூடாது என்று இரண்டு வீட்டாரும் நின்றார்கள். நவம்பரில் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று சபைப் போதகர் ஐயர் கேட்டபோது, இன்பராஜுக்கு வேர்த்துக் கொட்டியது. பெண்ணைப் பெற்றவனுக்குப் படபடப்பு இருக்கும்தானே என்று ஹெலன் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டாள்.

கல்யாணத்தன்று ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் பிரித்துவிட்டுத்தான் போட முடிந்தது. "பூசினாப்ல ஆயிட்டே ஹெலன், மாமியார் களை வந்துடுச்சு" என்று சொந்தக்காரர்கள் கன்னத்தைக் கிள்ளினார்கள். மஹ்பூபி மட்டும் பிரியாணித் தட்டோடு வந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"வயிறு மட்டும் முன்னால வருது. கையி குச்சியாட்டம் ஆயிடுச்சு. இது நல்லால்ல ஹெலன்."

"கல்யாண வூட்ல கண்ணு வெக்காத."

"கண்ணு வெக்கல, கண்ணால பாத்துச் சொல்றேன். கேம்புல அந்த டாக்டரம்மா சொன்னது இன்னும் விடலையே உனக்கு."

"அதான் ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லையே."

"நீ பாத்தியா?"

ஹெலன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வாரம் மஹ்பூபியோடு பேச்சு இல்லை. 'நீ பாத்தியா'வாம்! ரசம் வைக்கிற புருஷனைச் சந்தேகப்படச் சொல்கிறாள், பேஜார் பிடித்தவள் என்று உள்ளுக்குள் திட்டினாள். திட்டினாலும் அந்தக் கேள்வி போகவில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் டோக்கனோடு பாத்ரூமுக்குப் போனவள் மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மஹ்பூபி வந்து கையைப் பிடித்துத் தூக்கினாள். மறுநாள் இரண்டு பேரும் அரை நாள் லீவு போட்டுவிட்டு அதே ஸ்கேன் சென்டருக்குப் போனார்கள்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா கையை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். அப்புறம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அக்டோபர்ல வந்தீங்களே. வேலூர்ல இன்னா ட்ரீட்மெண்ட் குடுத்தாங்க?"

"வேலூரா? நான் போவவே இல்லையேம்மா. எனக்குத்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே."

"யாரு சொன்னது? இடது சினைப்பையில ஏழு சென்டிமீட்டர் கட்டி, ரத்த டெஸ்ட்டும் ஜாஸ்தி, உடனே ஸ்பெஷலிஸ்ட்டைப் பாக்கணும்னு ஒம்பதாந்தேதி ரிப்போர்ட் குடுத்தோம். உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காரு. நானே ரெண்டு வாட்டி போன் பண்ணேன். வேலூர்ல பாத்துக்கிட்டிருக்கோம்னு சொன்னாரே!"

இப்போது கட்டி பதின்மூன்று சென்டிமீட்டர். வயிற்றில் தண்ணீர் கோத்திருந்தது. ஹெலன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, வயிற்றிலிருந்த ஜெல்லைத் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். மஹ்பூபிதான் துணியை வாங்கி வைத்துவிட்டுப் புடவையைச் சரிசெய்தாள்.

வீட்டுக்கு வந்தபோது இன்பராஜ் அடுப்படியில் இருந்தான். ஹெலன் புது ரிப்போர்ட்டை மேடைமேல் வைத்தாள். அவன் அதைப் பிரிக்கவில்லை. முகம் செத்துப்போயிற்று.

"எங்க இருக்கு பழசு?"

பீரோவின் அடியில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழேயிருந்து எடுத்துவந்து கொடுத்தான்.

"கல்யாணம் ஈஸ்டர் வரைக்கும் தள்ளிப்போயிடும்னு பயந்துட்டேன் ஹெலன். அவங்க வேற எடம் பாத்துடுவாங்க. ஆத்தாளுக்கு வந்தா பொண்ணுக்கும் வரும்னு பேசுவாங்க. மூணு மாசம்தானேன்னு..."

"ஜனவரியோட கல்யாணம் முடிஞ்சிடுச்சு. இன்னிக்குப் பிப்ரவரி இருவத்தாறு. நடுவுல இன்னா பண்ணே?"

இருபத்தாறு வருஷத்தில் அவனை அவள் ஒருமையில் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்குமே அது காதில் விழுந்தது.

"நாள் ஆக ஆக எப்டிச் சொல்றதுன்னு தெரியல. பயமா இருந்துச்சு."

"உனக்குப் பயமா இருந்துச்சா! வயிறு யாருது?" ஹெலன் பழைய ரிப்போர்ட்டை அவன் முன்னால் நீட்டினாள். "தெரிஞ்சிக்கினே தினமும் ஓமத் தண்ணி போட்டுக் குடுத்தியே பாவி. எண்ணெ தடவினியே, அந்தக் கட்டிமேலயே தடவினியே! நான் லைன் முழுக்க உன்னைப் பத்திப் பெருமை அடிச்சிக்கினு திரிஞ்சேனே!"

"ஹெலன், உன்மேல இருந்த பாசத்துலதான்..."

"பாசம்னு சொல்லாத. ஒரு வார்த்த என்னைக் கேட்டிருந்தா, கல்யாணம் முடியட்டும்னு நானே சொல்லியிருப்பேனோ இன்னாவோ. பெத்தவதானே. ஆனா அது நான் எடுத்த முடிவா இருந்திருக்கும். எனக்குப் பதிலா நீ எப்டி முடிவு பண்ணலாம்? இதுக்குக் காரணம் என் பொண்ணு கல்யாணம்னு மட்டும் எங்கயும் வாயைத் தொறந்துடாத. அவ தலைல இந்தப் பழியைக் கட்டாத."

இன்பராஜ் தரையில் உட்கார்ந்து அழுதான். முன்பெல்லாம் அவன் தும்மினாலே பதறுகிறவள், அவனைத் தாண்டிப் போய்த் துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். அழுகை நிஜம்தான், அவன் பயமும் நிஜம்தான். அதற்காக மன்னித்துவிட முடியுமா? அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை மஹ்பூபியோடு வேலூர் பஸ் ஏறினாள். வர வேண்டாம் என்று சொல்லியும் இன்பராஜ் அதே பஸ்ஸில் பின்சீட்டில் வந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே கூப்பிட்டபோது, மூன்று பேரும் எழுந்தார்கள். ஹெலன் திரும்பி, "நீங்க வெளிய இருங்க" என்றாள். மரியாதை திரும்பி வந்திருந்தது. அதைக் கேட்டு இன்பராஜ் இன்னும் சுருங்கிப்போனான்.

டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆபரேஷன் வேண்டும், கீமோ வேண்டும், எதை முதலில் செய்வது என்று சிடி ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். "கஷ்டமான வைத்தியம்தாம்மா. ஆனா கைவிடற நிலைமை இல்ல. உங்க பொண்ணுக்கும் இதைச் சொல்லிடுங்க, சிலருக்குக் குடும்பத்துல வரும். அவங்களும் செக் பண்ணிக்கிட்டா நல்லது."

"சொல்லிடறேன். ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அக்டோபர்லயே வந்திருந்தா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மஹ்பூபி ஹெலனின் தோளைத் தொட்டாள்.

"நூத்துக்கு நூறுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஆனா அந்த ஸ்கேன்ல தண்ணி இல்ல. கட்டி சினைப்பைக்குள்ளயே நின்ன மாதிரிதான் தெரியுது. ஒரு ஆபரேஷனோட முடிஞ்சிருக்க நிறைய வாய்ப்பு இருந்துச்சு."

ஹெலன் தலையை ஆட்டிவிட்டு எழுந்தாள். வெளியே பெஞ்சில் இருந்தவன் அவளைப் பார்த்ததும் ஓடிவந்தான்.

"இன்னா சொன்னாங்க ஹெலன்?"

மஹ்பூபி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். இப்போது சொன்னால் இந்த ஆள் தாங்க மாட்டான் என்று ஹெலனுக்கும் தெரிந்தது. ஆறிய பிறகு, நல்ல நேரம் பார்த்து, மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். அப்படித்தானே அவனும் நினைத்திருப்பான்!

"அக்டோபர்லயே வந்திருந்தா ஒரே ஆபரேஷனோட போயிருக்குமாம்" என்று அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "இதை உங்ககிட்ட மறைச்சு வெக்க எனக்குத் தெரியல."

இன்பராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஹெலன் மஹ்பூபியைக் கூட்டிக்கொண்டு ரத்தம் எடுக்கிற இடத்தை விசாரித்துப் போனாள்.