ஷெவ்ரெட்டை முன்கூட்டியே மூழ்கடித்தவன்

ஜூட் டூப்ளான்டிஸ் எழுதிய கடைசி நாவல் இல்லாத வீடு ஷெவ்ரெட்டில் கிடையாது. மாதா சிலைக்குப் பக்கத்தில், அவன் கையெழுத்தோடு, தூசு தட்டி வைத்திருந்தார்கள். அதைக் கடைசிப் பக்கம் வரை படித்த வீடும் கிடையாது என்றுதான் ஜூட் நம்பியிருந்தான். அந்த நம்பிக்கையில்தான் இரண்டு வருடமாக ஊருக்கு வந்து கம்போக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தான்.

லூசியானாவின் தென்கோடியில், சதுப்பு கடலாகிக்கொண்டிருக்கும் இடத்தில் இருக்கிறது ஊர். பள்ளிப்படிப்பு முடிந்ததும் பட்டாளத்தில் சேர்ந்து ஈராக் போனான் ஜூட். திரும்பி வந்து அந்தப் போரைப் பற்றி இரண்டு நாவல் எழுதினான். பிறகு கலிபோர்னியாவில் காடு எரிந்தபோது அங்கே ஓடினான்; அது மூன்றாவது புத்தகம். போர் ஓய்ந்தால் புயல், புயல் ஓய்ந்தால் நெருப்பு என்று காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்தவன், கடைசியில் சொந்த ஊரையே எழுதினான். நியூயார்க்கில் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஊருக்கும் பெருமைதான். பெருமைப்படுவதற்குப் படித்திருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

இப்போது அந்தப் பெருமைதான் அவன் கழுத்துக்கு வந்திருந்தது. புயல் வெள்ளத்தைத் தடுக்கப் புதுக் கரை போடப்போகிறார்கள். வரைபடம் இரண்டு. ஒன்றில் கரை ஊருக்குத் தெற்கே போகிறது, ஊர் பிழைக்கும். மற்றதில் வடக்கே போகிறது. ஊர் வெளியே, கடலோடு. இன்று மதியம் கரை வாரியம் கடைசியாக ஊராரைக் கேட்டுவிட்டு வாக்கெடுக்கும். ஊருக்காகப் பேச ஜூட்டைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

"உக்காருடா. நாற்காலில என்ன முள்ளா இருக்கு?" என்றான் அண்ணன் நோலன். இறால் படகுக்காரன். இடது கையில் சுண்டுவிரல் கிடையாது. வலை இழுக்கும் விஞ்ச் இயந்திரம் தின்றுவிட்டது.

தூண்களின் மேல் ஏற்றிய வீட்டில், சன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தான் ஜூட். தட்டில் கம்போ ஆறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நீயே பேசேன். இங்கயே கெடக்குறவன் நீதானே?"

"நான் பேசுனா இறால் வெலையைத்தான் பேசுவேன். நடுவுல ரெண்டு கெட்ட வார்த்தை வரும். நீ பேசு. ஒனக்குத்தான் நாலு பேர அழ வைக்கத் தெரியும்."

நோலனின் மனைவி வெர்லி அடுப்புப் பக்கத்திலிருந்து திரும்பவில்லை. "என்ன பேசப்போறேன்னு யோசிச்சியா ஜூட்?"

"யோசிச்சிருக்கேன் அண்ணி."

"எல்லாத்தையுமா?"

அந்தக் கேள்வி அவனுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்வதற்குள் கைப்பேசி அதிர்ந்தது. அவன் கட்டுரை எழுதும் பத்திரிகையின் ஆசிரியர். இன்னொரு நாட்டில் சண்டை மூண்டிருக்கிறது, நாளைக்கே கிளம்ப முடியுமா என்று கேட்டிருந்தார். ஜூட்டின் மனம் ஒரு கணம் குதித்தது. எங்கோ குண்டு விழுகிறது என்ற சேதியில் தனக்கு ஒளிய இடம் கிடைத்ததே என்று குதித்த மனத்தை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

அவனை அரித்தது அந்த நாவலின் கடைசி அத்தியாயம். அதில் ஷெவ்ரெட் ஏற்கெனவே போய்விட்டது. ஊரை விட்டுப் போகச் சம்மதம் என்று ஊரார் தாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, தேவாலய மணியைக் கழற்றிப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சுண்டுவிரல் இல்லாத இறால்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்து, "இது போன ஊரு. போன ஊருக்கு எவன் கரை கட்டுவான்?" என்கிறான். விமர்சகர்கள் எல்லோரும் எடுத்துக் காட்டிய வரி அதுதான். ஒரு பனிக்காலத்தில், புரூக்ளினில், வெந்நீர்க் குழாய் சூட்டில் காலை நீட்டிக்கொண்டு எழுதியது. நோலன் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை.

கூட்டம் பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அரங்கில். ரப்பர் பூட்ஸோடு வந்தவர்கள் பலகைப் படிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜூட் பேசினான். நன்றாகவே பேசினான். இங்கே பிடிக்கும் இறால் எந்தெந்த ஊர்த் தட்டுகளுக்குப் போகிறது, புயலுக்குப் புயல் இந்த மக்கள் எப்படித் திரும்பி வந்து கூரை போட்டார்கள் என்று சொன்னபோது, முன்வரிசைக் கிழவர் ஒருவர் மூக்கைச் சிந்தினார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தான்.

வாரியத்தில் கோரின் ஹேட்லி என்ற பெண் பொறியாளர் இருந்தார். சாந்தமான முகம். பையிலிருந்து அவனுடைய நாவலை எடுத்தார். பக்கங்களுக்கு நடுவே வண்ண வண்ணமாகக் காகித நாக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. தன் புத்தகத்தை இவ்வளவு அக்கறையாகப் படித்த ஒருவரை முதன்முதலாகப் பார்த்ததும் ஜூட்டுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கண் வாசலைத்தான் தேடியது.

"ஒங்க எழுத்துன்னா எனக்கு உசுரு சார். என் மகன் ஈராக்குல இருந்தான். அவன் பேசாததையெல்லாம் ஒங்க முதல் புத்தகத்துலதான் தெரிஞ்சுக்கிட்டேன். அதனால மரியாதையோடதான் கேக்குறேன்." அந்தப் 'போன ஊரு' வரியை ஏற்ற இறக்கத்தோடு படித்தார். "ஊர்க்காரரே சொல்ற மாதிரி எழுதியிருக்கீங்க. ஊர் போயிருச்சுன்னு அவங்களுக்கே தெரியுங்கிறப்போ, இவ்வளவு செலவுல நாங்க கரைய எதுக்குத் தெற்கே வளைக்கணும்?"

சுண்டுவிரல் இல்லாத இறால்காரன் அந்த ஊரில் ஒருவன்தான். எல்லாத் தலையும் நோலன் பக்கம் திரும்பியது.

நோலனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் ஜூட்டைக் கொன்றது. அண்ணன் நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே ஞாபகப்படுத்திப் பார்த்தான்.

"நானா சொன்னேன்? எப்படா சொன்னேன்? குடிச்சிட்டுக் கிடிச்சிட்டுச் சொன்னேனா?"

"நீ சொல்லலண்ணே," என்றான் ஜூட். ஒலிபெருக்கியில் அவன் மூச்சு கேட்டது. "இவங்க யாருமே சொல்லல. அது பொய். நான் சொன்ன பொய்."

"கற்பனைன்னு சொல்ல வர்றீங்களா?" என்றார் ஹேட்லி. "பின்னட்டையில 'உள்ளே இருப்பவனின் சாட்சியம்'னு போட்டிருக்கே."

"கற்பனைன்னா கௌரவமா இருக்கும். பொய்னே எழுதிக்கோங்க மேடம். போர்ல எனக்குப் பழக்கம், எல்லாம் முடிஞ்சப்புறம் எழுதுறது. இங்க ஒண்ணும் முடியல. இவங்க பாட்டுக்கு வலையத் தச்சுக்கிட்டு, வீட்ட ஒசத்திக்கிட்டு, சண்ட போட்டுக்கிட்டு இருந்தாங்க. எனக்குப் புத்தகத்துக்கு ஒரு முடிவு வேண்டியிருந்துச்சு. அதுக்காக ஊர முடிச்சுட்டேன்."

இருபது வருடமாகச் சேர்த்த பெயரை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நின்றான். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. வாரியம் வாக்கெடுத்தது. வடக்குக் கரை ஜெயித்தது. வந்து உட்காரும்போதே அவர்கள் முடிவு செய்திருக்கலாம்; செலவுக் கணக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. அந்த ஆறுதலை ஜூட் பலமுறை எடுத்துப் பூசிப் பார்த்தான். எரிச்சல் அடங்கவில்லை.

வாசலில் யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டுவிட்டு, சாவுவீட்டிலிருந்து சொல்லாமல் போவதுபோல வண்டிகளுக்குப் போனார்கள்.

"அந்தப் புத்தகத்த வெளிவந்த அன்னிக்கே படிச்சுட்டேன்," என்றாள் பின்னாலேயே வந்த வெர்லி.

ஜூட் திரும்பிப் பார்த்தான். "அப்புறம் ஏன் அண்ணி என்னையப் பேச விட்டீங்க?"

"நீயா ஒரு நாள் சொல்லுவேன்னு பாத்தேன். வர்ற, திங்கிற, பறந்து போற. வாயத் தொறக்கல. சரி, எல்லார் முன்னாடியும் நின்னாவது சொல்லட்டும்னு விட்டேன். இப்படி அந்தம்மா கையில புத்தகத்தோட வரும்னு எனக்கு மட்டும் தெரியுமா?" அவள் கண் கலங்கியிருந்தது. "நானும் தப்புப் பண்ணிட்டேன் இதுல."

நோலன் வண்டிக் கதவைத் திறந்தவன் ஏறாமல் நின்றான்.

"டேய். அந்தக் கதையில நான் அப்புறம் என்ன ஆனேன்?"

"ஹூஸ்டனுக்குப் போயிட்ட. ஒரு கிடங்குல வேலை."

"படகு?"

"வித்துட்ட."

நோலன் தம்பியைப் பார்த்தான். கூட்டத்தில் வராத கோபம் இப்போதும் வரவில்லை. அறிமுகமில்லாத ஒருவனைப் பார்க்கும் பார்வை அது.

"ஊர் போறது ஒன் கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல. அத விடு. நான் படகை விப்பேன்னு நீ நெசமாவே நெனச்சியா?"

ஜூட் பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை புத்தகம் எழுதியவனுக்கு ஒரு வார்த்தை கிடைக்காமலா போகும்?

"ஆமாண்ணே," என்றான். "நெனச்சேன்."