வீரலட்சுமியின் முன்சக்கரத்துக் காற்று

மட்டாஞ்சேரியில் 1977 மழைக்காலத்திலிருந்து சைக்கிள் டியூபுக்குள் அடைத்த காற்று வெளியேறும்போது பேசியது. யார் பம்பு அடித்தாரோ அவர் குரலில் பேசியது. வாய்விட்டுச் சொன்ன எதையும் அது பேசவில்லை. அடிக்கிற நேரத்தில் சொல்ல வந்து விழுங்கியதை மட்டும் பேசியது. அதுவும் தலைகீழ் வரிசையில்: கடைசியாக விழுங்கியது முதலில் வரும், முதலில் விழுங்கியது அடியில் கிடந்து கடைசியில் வரும். முதல் வாரம் ஜனங்கள் பயந்தார்கள், இரண்டாம் வாரம் கூடி நின்று கேட்டார்கள், மூன்றாம் வாரம் மழை வலுத்ததால் அவரவர் ஜோலியைப் பார்க்கப் போனார்கள். ஒரு கல்யாணத் தரகரின் பின்சக்கரம் கும்பளங்கியில் பெண்வீட்டு வாசலிலேயே மாப்பிள்ளையின் சரியான வயதைச் சொன்னதில் ஒரு சம்பந்தம் முறிந்தது. மருமகன் அடித்துக்கொடுத்த காற்றை நம்பி ஏறிய மாமனார் ஒருவர், தோப்பும்படிப் பாலத்தின் நடுவில் தன்னைப் பற்றிய அபிப்பிராயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, மீதித் தூரத்தைத் தள்ளிக்கொண்டு நடந்தார். மற்றபடி பெரிய சேதம் எதுவும் இல்லை.

இந்தப் புதிய ஏற்பாட்டில் தழைத்தவன் வீரபாண்டி. கோயில்பட்டிப் பக்கத்திலிருந்து சின்ன வயசில் வந்தவன். பஜார் திரும்பும் இடத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தான். பம்பு அடிக்கும்போது மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிக்கொண்டே அடிக்க அவன் பழகிவிட்டான். வேறெதுவும் நினைக்க மாட்டான். அவன் அடித்த காற்று எங்கே கசிந்தாலும் முப்பத்தெட்டு, முப்பத்தேழு, முப்பத்தாறு என்று எண்களைத்தான் இறக்கிவைக்கும். பள்ளிவாசல் முன்னாலும் கோயில் முன்னாலும் கோர்ட்டு முன்னாலும் யார் மானத்தையும் வாங்காத காற்று என்று பெயரெடுத்தான். எர்ணாகுளத்திலிருந்துகூட படகில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு அவனிடம் காற்றடிக்க வந்தார்கள். டியூபிலிருந்து கடைசிக் காற்றைப் பிழியும்போது மட்டும் டிரான்சிஸ்டரைச் சத்தமாக வைப்பான். பாட்டுப் பிரியன் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

வீரலட்சுமியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவள் அப்பா இசக்கிமுத்து பஜாரில் இஞ்சி மூட்டையும் மிளகு மூட்டையும் சுமந்தவர். அவள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆளும் அவள்தான், பி.காம். முடித்த முதல் ஆளும் அவள்தான். நடுவில் யாரும் இல்லை. 1979 சித்திரையில் இசக்கிமுத்துவின் முதுகு இனி மூட்டை வேண்டாம் என்றுவிட்டது. அடுத்த மாதமே அவளுக்குத் தோப்பும்படியில் ஒரு இறால் ஏற்றுமதி கம்பெனியில் கிளார்க் வேலை கிடைத்தது. ஆறு மாதம் சோதனைக் காலம். ஒன்பது பத்துக்கு வருகைப் பதிவேடு மேனேஜர் வெங்கிடேஸ்வரனின் அறைக்குள் போகும். அதற்குப் பிறகு வருகிறவர் பெயருக்கு நேரே அவர் சிவப்புக் கோடு போடுவார். ஆறு மாதத்தில் மூன்று கோடு விழுந்தால் மறுநாள் வரவேண்டியதில்லை. யூதத்தெருவில் இஸ்ரேலுக்குப் புறப்பட்ட ஒரு வீட்டுக்காரர்கள் விற்றுவிட்டுப் போன லேடீஸ் சைக்கிளை, சின்னக் கைப்பம்போடு சேர்த்து வாங்கினாள். பாவாடை தாவணி வயசைத் தாண்டிய ஒரு பெண் சேலையைச் சொருகிக்கொண்டு சைக்கிள் மிதிப்பதை அந்த பஜார் அதற்கு முன் பார்த்ததில்லை. காற்று பேசியதை மூன்று வாரத்தில் மறந்த பஜார் இதை ஆறு மாதமும் மறக்கவில்லை.

வீரபாண்டி அவளைப் பெண் கேட்டிருந்தான். மாமனாரையும் கூட வைத்துச் சோறு போடுவேன் என்று சொல்லியிருந்தான். இசக்கிமுத்து மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. வேலை நிலைக்கிறதா பார்ப்போம், நிலைக்காவிட்டால் உனக்குத்தான் என்றார். அதாவது, வருகைப் பதிவேட்டில் விழுகிற கோடுகள்தான் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தன. அவள் அவனை அழுத்தந்திருத்தமாக அண்ணே என்று கூப்பிட்டாள். கூப்பிடும்போதெல்லாம் அவன் முகம் புளிக்கும். ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் அவள் முன்சக்கரம் ஐந்து தடவை பஞ்சரானது. ஒவ்வொரு தடவையும் அஞ்சே நிமிஷம் என்பான், நாற்பது நிமிஷம் ஆக்குவான். மூன்று தடவை சாயங்காலமாகப் போயிற்று; காலையில் ஆன இரண்டுக்கும் கோடு விழுந்தது. இரண்டாவது கோட்டுக்குப் பிறகு அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எப்படி டயரை நெம்புகிறான், எங்கே உப்புத்தாள் தேய்க்கிறான், சொல்யூஷனை எவ்வளவு தடவுகிறான் என்று பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தாள். ஒரு குழாய் சொல்யூஷனும், பழைய டியூபில் வெட்டிய ரப்பர்த் துண்டும், உப்புத்தாளும், நெம்புவதற்கு வீட்டு எவர்சில்வர் கரண்டி இரண்டும் அவளுடைய சாப்பாட்டுப் பையில் ஏறின.

சோதனைக் காலம் முடியப் பன்னிரண்டு நாள் இருக்கையில், ஐப்பசித் துலாமழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்கு, முன்சக்கரம் பஜார் திரும்பும் இடத்திலேயே தரையோடு உட்கார்ந்தது. வீரபாண்டி கடைக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"வாங்க கிளார்க்கம்மா. அஞ்சே நிமிஷம்."

"வேண்டாம்ணே. நானே பாத்துக்கிடுதேன்."

"எதை? ரோட்டையா?"

பஜாரில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவள் சைக்கிளைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டாள். பக்கத்துச் சாயாக்கடை அம்மிணி சேச்சி, கேட்காமலே ஒரு அலுமினியச் சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "மோளே, சாயா ஒண்ணு குடிச்சிட்டுச் செய்யி. அவன் நோக்கி நிக்கட்டே." வீரலட்சுமி சாயா குடிக்கவில்லை. கரண்டிக் காம்பு இரண்டையும் சொருகி டயரை நெம்பி, டியூபை வெளியே உருவினாள். அதில் அவன் ஒட்டிய ஐந்து ஒட்டும் ஒரே ஜாண் இடத்துக்குள் நெருக்கியடித்து இருந்தன. அதை அவள் பார்த்தாள், பார்த்தும் யோசிக்கவில்லை. சட்டித் தண்ணீரில் டியூபை முக்கி, மிச்சமிருந்த காற்றைப் பிழிந்தாள். குமிழிகள் வந்தன. பதினொண்ணு, பத்து, ஒம்பது என்று வீரபாண்டியின் குரல் தண்ணீரைவிட்டு ஒவ்வொன்றாக ஏறி வந்து உடைந்தது. வீரபாண்டி டிரான்சிஸ்டரைத் தேடிக் கடைக்குள் ஓடினான். பேட்டரி தீர்ந்திருந்தது. நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. ஒண்ணுக்கும் அடியில், அவன் எண்ணத் தொடங்குவதற்கு முன்னால் குனிந்தபோது விழுங்கிய ஒரே ஒரு குமிழி இருந்தது. அது பெரியதாகவும் நிதானமாகவும் வந்தது. "இன்னும் ஒரு கோடுதான். அப்புறம் எங்க போயிரப் போறா?"

வீரபாண்டி, "காத்துல வர்றதுக்கெல்லாம் நான் பொறுப்பா?" என்று கேட்டான். சுமட்டுக்காரர்கள் சட்டியை எட்டிப் பார்த்தார்கள். அவளுக்கு ஆதரவாக யாரும் முன்னால் வரவில்லை. மணி எட்டு முப்பது. அவளுக்குக் கோபத்தில் கண் மங்கியது. டியூபைத் துடைத்தாள், உப்புத்தாளில் தேய்த்தாள், சொல்யூஷனைத் தடவி ஈரம் காயும் முன்பே ரப்பர்த் துண்டை வைத்து அழுத்தினாள். டயருக்குள் திணித்து, பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பம்பை முப்பது தடவை அடித்தாள். டயர் எழுந்தது. அவள் சைக்கிளை நிமிர்த்தும் முன்பே திரும்பக் கீழே போனது. போகும்போது அவள் குரலில், பஜார் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே போனது: நேரம் ஆகுது. எல்லாரும் பாக்குறாங்க. அப்பா முதுகு. எனக்கு முடியாது. இவனையே கட்டிக்கிட்டுத் தொலைய வேண்டியதுதானா?

"கேட்டீங்களா?" என்றான் வீரபாண்டி. "நான் சொல்லலை. அவளே சொல்றா." இந்தத் தடவை பஜார் தாராளமாகச் சிரித்தது. ஒரு சுமட்டுக்காரன் கல்யாணச் சோறு எப்போது என்று கேட்டான். அவளுக்கு முகம் எரிந்தது. உள்ளே இருந்த பயமெல்லாம் வெளியே போய்விட்டபடியால், பயப்படுவதற்கு மேற்கொண்டு எதுவும் இல்லை என்பதும் அவளுக்கு அப்போது தெரிந்தது. மறுபடி புரட்டிப் போட்டாள். ஒட்டு ஈரமாக வழுக்கி நகர்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு ஓட்டை. இது எப்படி என்று டயரின் உள்பக்கத்தில் விரலை ஓட்டினாள். ஐந்து தடவையும் வீரபாண்டி செய்யாத வேலை அது. அவன் செய்யாததால் அப்படி ஒரு வேலை இருப்பதே அவள் பாடத்தில் இல்லை. விரலில் சுருக்கென்றது. ரத்தத்தோடு வந்தது ஒரு சின்ன ஆணி, இறால் பெட்டி அடிக்கிற ஆணி. ஜூலையில் குத்தியது அங்கேயே இருந்தது. அவன் குத்தவில்லை; பிடுங்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு ஓட்டைக்கும் சேர்த்துத் தேய்த்து, சொல்யூஷனைத் தடவினாள். பிறகு ஒன்றும் செய்யாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவேண்டும். ஐந்து நிமிஷம். பி.காம். படிப்பு மூன்று வருஷம், வேலைக்கு மனுப்போட்டது எட்டு மாதம். எதுவும் அந்த ஐந்து நிமிஷம் அளவுக்கு நீளம் இல்லை. "என்ன கிளார்க்கம்மா, சோறு பொங்குதா?" என்று வீரபாண்டி கேட்டான். அம்மிணியின் கடைக் கடிகாரம் எட்டு நாற்பத்தேழு காட்டியது. விரலை வைத்தாள், ஒட்டியது. இன்னும் இருந்தாள். வைத்தாள், ஒட்டவில்லை. ரப்பர்த் துண்டை வைத்து, கட்டைவிரல் வெளுக்க அழுத்தினாள்.

பம்பைக் கையில் எடுத்தபோது ஒரு விஷயத்தை முடிவு செய்தாள். இந்தக் காற்றுக்குள் ஒரு வார்த்தையும் போகக்கூடாது. வீரபாண்டிபோல எண்ணவும் அவளுக்கு இஷ்டமில்லை. ஒரு வழிதான் மிச்சம். ஒரு அடிக்கு ஒன்றாக எல்லாவற்றையும் வாய்விட்டே சொன்னாள். "அஞ்சு ஒட்டு ஒட்டின, ஒரு ஆணியைப் புடுங்கலை, வீரபாண்டி!" அண்ணே இல்லை. "ஏழு மூட்டை சுமந்து ஓய்ஞ்ச எங்கப்பன் முதுகுல எட்டாவதையும் ஏத்துனது யாருவே, நீருதானே? இப்ப கல்யாணச் சோறு கேக்குதீரா?" சுமட்டுக்காரன் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டான். "படிக்க வச்சேன் படிக்க வச்சேன்னு ஊரெல்லாம் சொன்ன எங்கப்பன், என்னை ஒரு சைக்கிள்காரனுக்குப் பேசி வச்சது எந்தக் கணக்குல?" "ஒம்பது பத்துக்குக் கோடு போடுற மேனேஜரு பத்தரைக்கு வந்தா அவருக்கு எவன் கோடு போடுறது?" "சேச்சி, உங்க சாயாவுல பாலே இல்ல!" அம்மிணி அதை ஒப்புக்கொண்டாள். நாற்பத்திரண்டு அடி. நாற்பத்திரண்டுக்கும் ஆள் இருந்தது. முடித்தபோது தொண்டை கட்டிப்போயிருந்தது, டயர் கல்லாக நின்றது.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு ஏறி மிதித்தாள். சுள்ளிக்கல் சந்திப்பில் ஒரு லாரிக்கும் ஒரு மாட்டுவண்டிக்கும் நடுவில் நுழைந்தாள். கம்பெனிக்குள் ஓடியபோது பியூன் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக் கதவில் கை வைத்திருந்தான். அதைப் பிடுங்கி, சொல்யூஷன் பிசுபிசுப்புப் போகாத கையாலேயே கையெழுத்துப் போட்டாள். அந்தப் பக்கம் அடுத்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. வெங்கிடேஸ்வரன் நகத்தால் சுரண்டிப் பார்த்தார், ஸ்கேலை விட்டு நெம்பிப் பார்த்தார். கோடு போட வழியில்லாமல் மூடிவைத்தார். நவம்பரில் வேலை நிரந்தரமானது. இசக்கிமுத்து வீரபாண்டியிடம் போய், பொண்ணு வேலையில இருக்குது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

வீரபாண்டி கடையை மூடவில்லை. ஒண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எல்லாரும் காது கொடுக்கத் தொடங்கியதால் எர்ணாகுளத்துக்காரர்கள் மட்டும் வருவதை நிறுத்தினார்கள். அவள் சீனியர் கிளார்க் ஆனாள், பிறகு கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனாள். 1983-இல் டயர் மாற்றினாள், டியூபை மாற்றவில்லை. குறைகிற காற்றை வாரம் ஒரு தடவை அவளே, பேசிக்கொண்டே அடித்து நிரப்பினாள். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்க யாரும் பிரியப்படவில்லை. வாயால் இவ்வளவு சொல்கிறவள் உள்ளே எவ்வளவு வைத்திருப்பாள் என்று பஜார் ஏழு வருஷம் கணக்குப் போட்டது.

1986 ஆகஸ்டில் ஒரு சோடாபாட்டில் துண்டு குத்தி, பஜார் திரும்பும் அதே இடத்தில் அவள் முன்சக்கரம் இறங்கியது. செய்தி சாயா ஆறுவதற்குள் பரவியது. அம்மிணி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். சுமட்டுக்காரர்கள் மூட்டையை இறக்கி வைத்தார்கள். வீரபாண்டி தன் பேர் எத்தனாவதாக வரும் என்று எதிர்பார்த்துக் கடைவாசலில் நின்றான். வீரலட்சுமி டியூபை உருவி, சட்டித் தண்ணீரில் முக்கிப் பிழிந்தாள். குமிழிகள் வந்தன. ஒன்றும் சொல்லாமல் உடைந்தன. கடைசிக் குமிழிவரை எல்லாரும் மூச்சைப் பிடித்துக் கேட்டார்கள். புஸ் என்றது.

"வெறும் காத்து," என்றான் வீரபாண்டி. அவன் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் மட்டாஞ்சேரியில் யாரும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்றாலும், அவரவர் ஜோலி அவரவருக்கு இருந்தது. கலங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, வீரபாண்டி தன் கடைக் குழாயிலிருந்து சட்டியில் நல்ல தண்ணீர் பிடித்து அவள் பக்கத்தில் வைத்தான். அவள் முதலில் டயருக்குள் விரலை ஓட்டி, கண்ணாடித் துண்டை எடுத்துத் தூர எறிந்தாள். பிறகு சொல்யூஷனைத் தடவிவிட்டு, அது காய்கிறவரை உட்கார்ந்திருந்தாள்.