ஹலீமாவின் சஹன்

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்தால் இப்ராஹிம் பாய் கடையில் பிரியாணி. தேவசிகாமணி வீட்டில் இதற்கு மறுபேச்சே கிடையாது. சாமியார் பிரசங்கத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் போதும், மனுஷனுக்கு இருப்புக்கொள்ளாது. "சன்னலோர மேசை போயிரும் புள்ள" என்று மனைவியின் காதைக் கடிப்பார். ஆரோக்கியசெல்வி முறைப்பாள். அவர் தலைச்சோலைப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து, ஒரு கூட்டத்தையே அதட்டி வேலை வாங்கிய ஆள். பிரியாணி என்று வந்துவிட்டால் மட்டும் சின்னப்பிள்ளை.

ஏற்காட்டில் ஏரிப் பக்கமிருந்து மேலே ஏறும் ஒரு சந்தில் இருந்தது அந்தக் கடை. நாலைந்து மேசை, பனிக்காலத்தில் வியர்க்கிற சுவர், சமையல்கட்டிலிருந்து தட்டு நீட்ட ஒரு சின்ன சன்னல். கல்லாவில் சையத் இப்ராஹிம் இருப்பார். அந்தச் சன்னலுக்குப் பின்னால் அடுப்போடு அடுப்பாக அவர் மனைவி ஹலீமா. அவள் முன்பக்கம் வந்து யாரும் பார்த்ததில்லை. செல்வி கை கழுவப் போகும்போது சன்னலில் எட்டிப் பார்த்து அன்றைய பிரியாணிக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவாள். கறி நல்லா வெந்திருக்குது, உப்புதான் ஒரு கல்லு தூக்கல் என்பாள். இல்லாவிட்டால், இன்னைக்கு ஒரு குறையும் இல்லை கண்ணு என்பாள். ஹலீமா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொள்வாள். அவர்கள் பழக்கம் மொத்தமே அவ்வளவுதான். ஒருத்தி வீட்டுக்கு இன்னொருத்தி போனது கிடையாது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில், காப்பி டம்ளரை எடுக்கப் போன செல்வியின் வலது கை எடுக்க மறுத்துவிட்டது. பக்கவாதம்; வலது காலும் பேச்சும் சேர்ந்தே போயின. சேலத்தில் ஆஸ்பத்திரி, மருந்து, பயிற்சி எல்லாம் ஆயிற்று. கால் திரும்பி வந்தது. பேச்சு அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. அதைத் தேவசிகாமணி எல்லாரிடமும் சொல்லிச் சிரித்து முறைப்பு வாங்கிக்கொண்டார். வலது கை மட்டும் வரவில்லை. அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

வேறு யாருக்காவது வந்திருந்தால் எப்படியோ. செல்வி ஒரு மிஷன் ஸ்கூல் ஆஸ்டலில் மேட்ரனாக இருந்தவள். எந்தப் பிள்ளை சோற்றைச் சிந்துகிறது, எது நொட்டாங்கையை, அதுதான் இடது கையை, தட்டுக்குள் விடுகிறது என்று முதுகைத் திருப்பிக்கொண்டே கண்டுபிடிப்பாள். இப்போது அவள் நொட்டாங்கையில் ஸ்பூனைப் பிடித்தால் வாய்க்குப் பாதி, மடிக்குப் பாதி. தேவசிகாமணி கழுத்தில் ஒரு துண்டைக் கட்டிவிட்டு ஊட்டுவார். வெளியே தலைகாட்டவே அவளுக்குப் பிடிக்கவில்லை. கோயிலுக்குக் கூடப் போகவில்லை. சாமியார் வீட்டுக்கே நன்மை, அதுதான் நற்கருணை, கொண்டுவந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் சிலுவை போட்டு நன்றி சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிட்டாள். கையை எடுத்துக்கொண்டவருக்கு எந்தக் கையால் நன்றி சொல்வது என்று அவளுக்குக் கோபம்.

"பாய் கடைக்குப் போலாமா புள்ள?" என்று ஒவ்வொரு வாரமும் தேவசிகாமணி கேட்பார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள் வர்றேனுங்க. அங்க உக்காந்து என்னால சாப்புட முடியலைன்னா, இனிமே வெளிய சாப்புட என்னைக் கூப்புடவே கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றார். சொன்ன பிறகுதான் யோசித்தார். செல்வி எதையும் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. ஒரு தடவை வேண்டாமென்று சொன்ன கல்யாண வீட்டுக்கு அவள் இன்றுவரை போனதில்லை. ஆகவே அவர் கொல்லைப்பக்கம் போய், ரகசியமாக இப்ராஹிமுக்குப் போன் போட்டு, அவள் கை விஷயத்தைச் சொல்லிவைத்தார். அங்கேதான் வந்தது வினை.

கடைக்குள் நுழைந்ததுமே செல்வியின் கண்ணில் பட்டது அந்தத் திரை. கடையின் மூலையில், தண்ணீர் டிரம் இருந்த இடத்தைக் காலி பண்ணி, ஒரு மேசை போட்டு, குறுக்கே கயிறு கட்டித் திரை தொங்கவிட்டிருந்தது. சாதாரணத் திரை இல்லை. பளீரென்ற மஞ்சளில், தட்டு அகலத்துக்குச் சூரியகாந்திப் பூக்கள். எதை மறைக்க வேண்டுமோ அதை ஊருக்கே காட்டிக் கொடுக்கிற மாதிரி. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜீப் டிரைவர்களும், சேலத்திலிருந்து மலை பார்க்க வந்திருந்த குடும்பமும், யாரோ பெரிய மனுஷர் வரப்போகிறார் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தது செல்வி.

இப்ராஹிம் கல்லாவை விட்டு ஓடிவந்தார். முகமெல்லாம் சந்தோஷம். திரையை ஒதுக்கிப் பிடித்தார். உள்ளே மேசைமேல் ஒரு ஸ்பூன், கழுத்தில் கட்ட வெள்ளைத் துண்டு, ஒரு கிண்ணத்தில் காரமில்லாத குழைந்த சோறு. மூன்றையும் அவரே யோசித்துச் செய்திருந்தார். நல்ல மனசு. நல்ல மனசுக்காரர்கள் சில நேரம் இப்படித்தான் நெஞ்சில் குத்துவார்கள்.

"ஃப்ரீயா உக்காருங்க மேட்ரனம்மா. இங்க யாரும் உங்களைப் பாக்க முடியாதுங்க" என்றார்.

செல்வி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். தேவசிகாமணி மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை, குளிர்காலத்தில் அங்கே யார் மின்விசிறி போடுவார்கள்? ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சன்னலோரத்தில் அவர்களுடைய பழைய மேசை காலியாக இருந்ததை ஒரு தடவை பார்த்தாள்.

"ஊட்டுக்குப் போலாமுங்க" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் தேவசிகாமணி மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்தார். இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, இவள் அந்தச் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடக்கப் போகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்ராஹிமுக்கு என்ன தப்பு நடந்தது என்றே விளங்கவில்லை. திரையைப் பிடித்தபடி, வேணுமுன்னா காரமாவே கொண்டாரச் சொல்றேனுங்க என்று என்னவோ உளறினார். செல்வி வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

"அக்கா."

சமையல்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஹலீமா வந்து நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, தலையில் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவளை முழு ஆளாகச் செல்வி பார்ப்பது அதுதான் முதல் தடவை. சன்னலில் பார்த்த முகத்துக்கு இவ்வளவு குள்ளமான உடம்பா என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

ஹலீமா திரையைப் பார்த்தாள், ஸ்பூனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். கடைசியாகப் பார்த்ததில் இப்ராஹிம் திரையைக் கயிற்றோடு அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க எனக்கு விருந்தாளி. எங்கூட உக்காந்துதான் சாப்புடணும்" என்றாள் செல்வியிடம். பிறகு தேவசிகாமணியிடம் திரும்பி, "ரைட்டரய்யா, நீங்க அந்தப் பக்கம் போயி உக்காருங்க. இது பொம்பளைங்க பந்திங்க" என்றாள். தேவசிகாமணி மறுபேச்சில்லாமல் போய் டிரைவர்கள் மேசையில் ஒண்டிக்கொண்டார்.

ஹலீமா உள்ளே போய் ஒரு பெரிய தட்டோடு வந்தாள். இரண்டு கையாலும் பிடித்தாலும் திணறுகிற அகலம், விளிம்பெல்லாம் பூவேலை. அவள் பிறந்த ஊர் கீழக்கரை. அங்கே கல்யாண விருந்தென்றால் ஆளுக்கொரு இலை கிடையாது. சஹன் என்று சொல்லும் ஒரு பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, நடுவில் கறியை வைத்து, சுற்றி உட்கார்ந்து எல்லாரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அவரவருக்கு அவரவர் பக்கம். இந்தத் தட்டு ஹலீமாவுக்குக் கல்யாணச் சீராக வந்தது. பெருநாளுக்குப் பெருநாள் பரணிலிருந்து இறங்கும். அன்றைக்குப் பெருநாள் இல்லாமலே இறங்கி, ஆவி பறக்கும் பிரியாணியோடு சன்னலோர மேசையில் உட்கார்ந்தது.

செல்வி உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு தட்டைப் பார்த்ததும் மறுபடியும் உடம்பு கூசியது.

"ஒரே தட்டுலயா? எனக்கு இந்தக் கை ஒண்ணுதான் கண்ணு" என்று இடது கையை மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "எல்லாத்துக்கும் இதேதான். நீ சாப்புடுற தட்டுல இதைப் போயி வெக்கச் சொல்றியா?"

ஹலீமா உள்ளே போனாள். ஒரு பேசினும் செம்பும் சோப்பும் கொண்டுவந்தாள். மேசைக்கு அடியில் கையை விட்டு, செல்வியின் இடது கையைப் பிடித்து மேலே எடுத்தாள். வெந்நீர் ஊற்றி, சோப்புப் போட்டு, விரல் விரலாகத் தேய்த்து, கழுவி, தன் முந்தானையாலேயே துடைத்தாள். பிறகு அதே பேசினில் தன் கையையும் கழுவிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இப்ப ரெண்டு கையும் ஒண்ணுதானுங்க அக்கா. சாப்புடுங்க, சோறு ஆறுது."

பக்கத்து மேசைக் குடும்பம் பார்க்கத்தான் செய்தது. அந்தம்மாள் ஒரு கணம் கையை நிறுத்திப் பார்த்தாள். அப்புறம் தன் தட்டில் இருந்த முட்டையை உரிக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான். உலகம் இடிந்து விழவில்லை.

சோற்றைத் தொடுமுன் ஹலீமா பிஸ்மில்லா சொன்னாள். செல்வி அந்த வார்த்தையைக் கேட்டாள். மழைக்காலத்திலிருந்து அவள் எந்தச் சோற்றுக்கும் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்லவேண்டும் போலிருந்தது. கழுவின ஈரம் காயாத அந்த இடது கையை எடுத்து நெற்றியில் வைத்தாள். மார்பிலும் தோள்களிலும் வைத்தபோது கை வழி தெரியாமல் தடுமாறியது. ஆண்டவரே, நன்றி என்றாள். மனசார வந்தது.

முதல் கவளம் விரலிடுக்கில் வழிந்து விழுந்தது. ஆனால் எங்கே விழும்? மடி வரைக்கும் பரந்து கிடந்த தட்டு; விழுந்தது தட்டுக்குள்ளேயே விழுந்தது. சஹனில் அது ஒரு சௌகரியம். ஹலீமா பேசிக்கொண்டே கறியைப் பிய்த்து, சோற்றோடு அழுத்தி, செல்வி பக்கம் தள்ளிவைத்தாள். அது ஊட்டுவது போல இல்லை. அவர்கள் ஊரில் பந்தியில் உட்கார்ந்த எல்லாரும் பக்கத்து ஆளுக்குச் செய்வதுதான் அது. தள்ளி வைத்ததை எடுக்க வேண்டியது செல்வியின் வேலை. எடுத்தாள். இரண்டாவது கவளம் முக்கால்வாசி வாய்க்குப் போனது. நாலைந்து கவளத்துக்குப் பிறகு அவள் எண்ணுவதையும் சுற்றிப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். தொட்டுக்கொள்ள வந்த பருப்புத் தால்சாவில் கத்திரிக்காய் பஞ்சாக வெந்திருந்தது. சன்னலுக்கு வெளியே பனி இறங்கி எதிர்க் கடையை மூடியது. பிள்ளைகளைப் பற்றி, குளிர் பற்றி, கோயில் திருவிழாக் கூட்டம் பற்றி ஹலீமா பேசினாள். சன்னல் வழியாக ஒற்றைப் பேச்சாக முடிந்துபோனதெல்லாம் சேர்ந்து இப்போது வந்தது போலிருந்தது.

டிரைவர்கள் மேசையில் தேவசிகாமணி தட்டில் சோறு அப்படியே இருந்தது. அவர் சாப்பிடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சினார். காரமா ரைட்டரய்யா என்று இப்ராஹிம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஒரு வாய் கூட வைக்காத மனுஷன், ஆமாம் பாய், நொம்பக் காரம் என்றார். அந்தத் திரைக்காக இப்ராஹிம் மன்னிப்புக் கேட்கப் போக, போன் போட்டது நானாச்சே பாய், நல்லவேளை உங்க ஊட்டுக்காரம்மா காப்பாத்துனாங்க என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சஹனில் சோறு குறைந்து பூவேலை தெரிய ஆரம்பித்தது. நடுவில் ஒரே ஒரு நெஞ்செலும்புக் கறி மிச்சம் இருந்தது. ஹலீமா அதைத் தொடவில்லை. செல்வி இடது கையை நீட்டி அதை எடுத்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள். வழுக்கியது. விடவில்லை, மறுபடி அழுத்தினாள். நன்றாக வெந்த கறி, எலும்பிலிருந்து கழன்று இரண்டாகப் பிரிந்தது. பெரிய துண்டை ஹலீமாவின் பக்கம் தள்ளி வைத்தாள்.

"சாப்புடு கண்ணு. நொம்ப நல்லா இருக்குது. என்ற ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்" என்றாள். அப்புறம் வாயில் இருந்ததை மென்று, யோசித்து, "உப்புதான் அரைக் கல்லு கம்மி" என்றாள்.

ஹலீமா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இத்தனை மாசமா யாருமே சொல்லலீங்க அக்கா. எல்லாரும் நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போயிர்றாங்க" என்று சொல்லி, அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

செல்வி தலையைத் தூக்கி டிரைவர்கள் மேசையைப் பார்த்தாள். ஆஸ்டலில் அதட்டுகிற பழைய குரல் திரும்பியிருந்தது.

"ஏனுங்க, சோத்தை வெச்சுக்கிட்டு என்ன வேடிக்கை? சாப்புடுங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை பூசைக்கு நானும் வர்றேன். பிரசங்கம் நீண்டுச்சுன்னா பாதியிலயே எந்திரிச்சு வந்துரலாமுங்க. இந்த மேசை போயிரும்."