பார்பரா என்று அடித்த பக்கம்

எனக்கு லத்தீன் தெரியாது. திருப்பதியில் எங்கள் ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாதவர்கள்தான் வேண்டும் என்று சொல்லியே வேலைக்கு எடுத்தார்கள். அர்த்தம் தெரிந்தவன் இல்லாத எழுத்தையும் இருப்பதாக நினைத்து அடித்துவிடுவானாம். ஐரோப்பாவில் ஏதோ ஒரு நூலகத்தில் இருக்கிற, எழுநூறு வருடப் பழைய தர்க்க நூல். தோலில் எழுதி, முதலெழுத்துக்குத் தங்கம் பூசி, ஓரத்தில் குரங்கும் நத்தையும் வரைந்து வைத்திருக்கிறான் எவனோ ஒரு மகராசன். அதைப் படம் பிடித்து அனுப்புவார்கள். கண்ணுக்குத் தெரிகிற எழுத்தை அப்படியே கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். நான் திருப்பதியில், இன்னொருவர் சித்தூர் கிளையில். அவருக்குப் பெயர் கிடையாது, சி-7. நான் டி-4. எங்களுக்குள் பேச்சு வைத்துக்கொண்டால் வேலை போய்விடும். இருவர் அடித்ததும் ஒத்துப்போனால் அந்த இடத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒத்துப்போகாத இடம் மட்டும் சிவப்பாக வரும். அங்கே மட்டும் அவர் அடித்ததும், பக்கத்துக் கட்டத்தில் எழுதிய குறிப்பும் எனக்குத் தெரியும். என்னுடையது அவருக்குத் தெரியும்.

முதல் சிவப்பு ஒரு புள்ளி. நான் முற்றுப்புள்ளி என்று அடித்திருந்தேன். சி-7 ஒன்றும் அடிக்காமல் தமிழில் எழுதியிருந்தார்: "இது எழுத்தில்ல. எழுநூறு வருசத்துக்கு மின்னாடி செத்த கொசு."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முப்பத்து மூன்று வயதில், ஹாஸ்டலும் ஆபீசும் தவிர வேறொன்றும் இல்லாமல், நான் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து வேண்டுமென்றே தப்பு அடிக்க ஆரம்பித்தேன். பக்கத்துக்கு ஒன்று. அவரும் அடித்தார். "எங்க ஊரு குடிபாலா பஸ்ஸு இந்த நத்தை மாதிரிதான் வருது" என்பார். "துன்னீங்களா?" என்று கேட்பேன். "ஊட்ல பொண்ணு பாத்துக்கினே கீறாங்க, நான் வேணாம்னுக்கினே கீறேன்" என்று ஒருநாள் எழுதினார். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

பக்கத்துக்குப் பக்கம் பார்பரா என்று ஒரு சொல் வரும். எழுதினவனுடைய காதலி என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். "தர்க்கம் எழுதச் சொன்னா பொண்ணு பேர எழுதிக்கினு கீறான் பாவம்" என்றார் சி-7. "எழுதவாவது எழுதினானே" என்று பதில் போட்டேன். போட்ட பிறகு முகம் சுட்டது.

நாற்பத்தோராம் பக்கத்தில் என் பொறுமை போய்விட்டது. அங்கே பரோக்கோ என்ற சொல் தெளிவாகத்தான் இருந்தது. அதைப் பார்பரா என்று அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: "வர்ற ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேன். பச்சைப் புடவை."

அந்தப் பக்கத்தில் சிவப்பே வரவில்லை. அவசரமென்றால் மேற்பார்வையாளர் தாமோதரன் சாரே திருத்தி மூடிவிடுவார். அப்படித்தான் ஆகியிருக்கும், குறிப்பு சி-7க்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆசைப்பட்டவளுக்கு வேறெப்படி நினைக்க வரும்?

சித்தூரில் பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை நின்றேன். வெள்ளைச் சட்டை, நீலச் சட்டை, ஒருவரையும் விடாமல் பார்த்தேன். யாரும் வரவில்லை. அடுத்த நாள் சி-7 போய் சி-9 வந்தது. சி-9 தப்பே அடிக்காது, குறிப்பும் எழுதாது. வராதவன் போய்த் தொலையட்டும் என்று திட்டிக்கொண்டே, நான் மட்டும் பக்கத்துக்கு ஒரு தப்பு அடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து தாமோதரன் சார் கூப்பிட்டார். நூலகத்திலிருந்து நாற்பத்தோராம் பக்கம் திரும்பி வந்திருந்தது.

"ஏம்மா யாமினி, பரோக்கோ எங்க, பார்பரா எங்க? ரெண்டு பேரும் ஒரே தப்ப எப்படி அடிப்பீங்க? பேசி வெச்சிக்கினுதானே?"

"ரெண்டு பேருமா?"

"பார்பரான்னா பொம்பள கூட இல்லம்மா. எல்லா மனுசனும் சாவான், நான் மனுசன், அதனால நானும் சாவேன். இந்த மாதிரி வாய்ப்பாட்டுக்கு அவங்க வெச்ச பேரு." திரையை என் பக்கம் திருப்பினார்.

என் குறிப்புக்குப் பக்கத்தில் அவருடையது. அதே நாள் எழுதியது. "ஞாயிறு பதினோரு மணிக்கு திருப்பதி பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். நீங்க வரலன்னா இஷ்டமில்லன்னு எடுத்துக்கினு வேலைய உட்டுடறேன்."

இரண்டு பேரும் ஒரே தப்பை அடித்ததால், மெஷின் சரி என்று மூடிவிட்டது. நான் சித்தூரில் நின்ற அத்தனை நேரமும் அவர் இங்கே நின்றிருக்கிறார். அய்யோ பாவி மனுசா, ஒரு எழுத்தையாவது மாற்றி அடித்திருக்கக் கூடாதா!

சாருக்கும் கோபம் இறங்கிவிட்டது. "இதனால அவன் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்ட நிறுத்தி வெச்சிட்டாங்கம்மா. மேல இருக்கறவங்களுக்குத் தமிழ் படிக்க வராது, இந்தக் குறிப்புல இன்னா கீதுன்னு தெரியாது. அவன ஆருன்னே தெரியாதுன்னு நீ எழுதிக் குடு. அவனுக்கும் சர்டிபிகேட் வரும், உனக்கும் வேல நிக்கும்."

"பொய் எழுத மாட்டேன் சார்."

"மூஞ்சி பாத்துகிறியா?"

"இல்ல."

"பேராவது தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்புறம் இன்னா பொய்? அவன் பேரு கூட..."

"சொல்லாதீங்க சார்!" கத்தியே விட்டேன். பக்கத்து மேஜைகளில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காகிதத்தை இழுத்து எழுதினேன். சி-7 என்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவரை நான் பார்த்ததில்லை. அவர் பெயரும் தெரியாது. மூன்றும் உண்மை. எழுத எழுத அழுகை முட்டியது. கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன், காகிதத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

"இப்ப சொல்லுங்க சார். அவர் பேரு இன்னா?"