அம்மாவின் முகம்

மகள் பிரீத்திகா தன் செல்போனைத் தொட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. பாண்டிமீனாவுக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை. திருத்தங்கல் அச்சகத்தில் காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கும் மெஷினில் நின்றுகொண்டு, பக்கத்து மெஷின்காரியிடம் இரண்டு தடவை அதைச் சொன்னாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. அதே தெருவில் மூன்று வீடு தள்ளியிருந்த நாத்தனார் ஞானசுந்தரியிடம் போனாள். சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

"பாத்தீகளா மதினி. என்னமோ நான் பிள்ளையக் கெடுத்துட்டேன்னு பேசுனீக. ஒரு வார்த்தை சொல்லல, ஒரு அடி வைக்கல. தானா விட்டுட்டா."

ஞானசுந்தரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏன் விட்டாளாம்?"

"சலிச்சிருக்கும்."

"பன்னெண்டு வயசுல என்னத்தச் சலிக்குது."

"விளையாண்டாலும் குத்தம், விளையாடாட்டியும் குத்தமா மதினி?"

ஞானசுந்தரி கீரைக் காம்புகளை ஒதுக்கினாள். பிறகு கேட்டாள், "சாப்பிடுதாளா?"

பாண்டிமீனா யோசித்துப் பார்த்தாள். காலையில் வைத்த இட்லி ராத்திரி வந்து பார்க்கையிலும் தட்டிலேயே இருந்ததாக ஒரு ஞாபகம். அது நேற்றா, முந்தாநாளா என்று தெரியவில்லை.

இந்தப் பேச்சுக்கு ஒரு பழைய கதை உண்டு. நான்கு மாதத்துக்கு முன்னால் இதே வீட்டில்தான் இரண்டு பேருக்கும் சடவு வந்தது. பெரிய சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கப்புறம் ஒரு வாரம் இரண்டு வீட்டுக்கும் இடையில் குழம்புக் கிண்ணம் போய் வரவில்லை.

பிள்ளைகள் எல்லாம் விளையாடும் ஒரு விளையாட்டு அது. ஒரு தீவில் ஆளுக்கொரு வீடு கட்ட வேண்டும். வருகிற மிருகத்தை எல்லோருமாகச் சேர்ந்து விரட்ட வேண்டும். பதினாறு வயதுக்குக் கீழே என்றால் தாய் தகப்பன் சம்மதம் கொடுத்துச் சின்னப்பிள்ளைக் கணக்கு திறக்கலாம். அதில் தினம் ஒரு மணி நேரம்தான் ஆட்டம். யாரோடும் பேச முடியாது. யாரும் நம்மோடு பேசவும் முடியாது. பெரியவர்கள் கணக்கு வேண்டுமென்றால் கேமராவில் முகத்தைக் காட்ட வேண்டும்; முகத்தை வைத்து அதுவே வயதைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

பிரீத்திகா முதலில் சின்னப்பிள்ளைக் கணக்கில்தான் ஆடினாள். இரண்டே நாளில் அழுதுகொண்டு வந்தாள். "எல்லாரும் பேசிச் சிரிக்காங்கம்மா. நான் மட்டும் ஊமை மாதிரி நிக்கேன். எங்க கிளாஸ்ல எல்லா அம்மாவும் முகத்தக் காட்டிக் குடுத்துட்டாங்க."

ஞானசுந்தரியின் மகன் விக்னேஷ்வரன் ஒன்பதாவது படிக்கிறான். அவனும் இதையே கேட்டு இரண்டு நாள் பட்டினி கிடந்தான். அவள் அசையவில்லை. "பதினாறுன்னு போட்டிருக்கானா, எதையோ கண்டுதான் போட்டிருப்பான்" என்று சொல்லிவிட்டாள்.

பாண்டிமீனாவுக்கு அது ஒத்துவரவில்லை. "எங்கனயோ இருக்கிற கம்பெனிக்காரனுக்கு எம்பிள்ளையத் தெரியுமா? எந்தப் பிள்ளைக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு பெத்தவதானே சொல்லணும். நீங்க ஒங்க மகன ஒங்க இஷ்டத்துக்கு வளங்க மதினி. நான் எம்மகள வளத்துக்கிடுதேன்."

அவள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. புருஷன் மாரீஸ்வரன் லாரி ஓட்டுகிறான். தீபாவளி சீசனில் வெடி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வந்து சேர இருபது நாள் ஆகும். அவளுக்கோ காலண்டர் சீசன். வீடு திரும்ப ஏழரை ஆகிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மூன்று மணி நேரம் தனியாகக் கிடக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு சிநேகிதிகளோடு பேசிக்கொண்டு இருந்தால் வீட்டுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறாள் என்றுதானே எந்தத் தாயும் நினைப்பாள்.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பாண்டிமீனா ஒன்பது வயதில் தாயில்பட்டி பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள். விளையாட்டு என்று ஒன்றை அவள் தன் வயதில் தொட்டதில்லை. மகள் விளையாட்டுக் கேட்டு அழுதபோது, கையில் இல்லாத ஒன்றைக் கேட்கிறாளே என்று இருந்தது. பிறகு, ஒரு முகத்தைக் காட்டினால் அது கிடைக்கும் என்று தெரிந்ததும் அவளுக்குத் தயக்கம் வரவில்லை.

"நேராப் பாரும்மா. கண்ணச் சிமிட்டு. இடது பக்கம் திரும்பு. சிரிக்காத, அது ஒத்துக்கிடாது" என்று போனைத் தூக்கிப் பிடித்தாள் மகள்.

பச்சைக் குறி விழுந்தது. வயது வந்தவர் என்று எழுத்து வந்தது. பிறந்த வருஷத்துக்கு அம்மாவுடையதையே போட்டார்கள்.

"இனிமே எனக்கு முப்பத்தெட்டு வயசு" என்று பிரீத்திகா குதித்தாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் வீட்டில் அதுவே கூத்தாக இருந்தது. "ஏ முப்பத்தெட்டு, தட்ட எடுத்து வை" என்பாள் தாய். "வாரேன் பன்னெண்டு, அதுக்குள்ள என்ன அவசரம்" என்பாள் மகள். ஊரிலிருந்து வந்த மாரீஸ்வரன் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஞானசுந்தரி வீட்டிலிருந்து திரும்பியபோது பிரீத்திகா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலை வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். பாண்டிமீனா உலை வைக்க அரிசி டிரம்முக்குள் படியை விட்டாள். அரிசி அதிர்ந்தது. ஏதோ பூச்சி என்று கையை உதறினாள். மறுபடியும் அதிர்ந்தது. அரிசியை விலக்கினாள். அடியில், பாலித்தீன் பையில் சுற்றிய மகளின் செல்போன், சார்ஜ் தீரும் நிலையில்.

திரையில், அந்த விளையாட்டில் ஆடும் யாரோ ஒருவனின் பெயர். அதன் கீழே வரிசையாகச் செய்திகள். பாண்டிமீனா எழுத்துக்கூட்டி வாசித்தாள். தங்கச்சி என்றுதான் முதலில் கூப்பிட்டிருந்தான். அப்புறம் அந்தச் சொல் நின்றுபோயிருந்தது. நாளைக்குள் பதில் வரவில்லையென்றால் உன் படம் உன் கிளாஸ் முழுக்கப் போகும் என்று இருந்தது. உன் பள்ளிக்கூட வாசல் எனக்குத் தெரியும் என்று இருந்தது. அதற்கு மேலே தள்ளிப் பார்க்க அவளுக்கு விரல் வரவில்லை.

அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. அவள் அதை அணைத்தாள். பிள்ளையை எழுப்பி என்ன கேட்பது என்று தெரியவில்லை. என்ன கேட்டாலும் அது அடிப்பது போலத்தான் இருக்கும். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிரீத்திகாவின் முதுகு கல்லாகிவிட்டது. அம்மாவின் கையில் போன் இருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த விளையாட்டிலேயே புகார் செய்ய ஓர் இடம் இருந்தது. விக்னேஷ்வரனைக் கூப்பிட்டால் விஷயம் தெரிந்துவிடும் என்று ஞானசுந்தரியை மட்டும் வரவழைத்து, இரண்டு பேருமாகத் தேடி எழுதினார்கள். உடனே பதில் வந்தது. இந்தக் கணக்கு வயது வந்தவருடையது என்று முகச் சோதனையில் உறுதியாகியுள்ளது. பிடிக்காதவர்களை நீங்களே தடுத்துக்கொள்ளலாம். பாண்டிமீனா மறுபடியும் எழுதினாள்: இது சின்னப்பிள்ளை, பன்னிரண்டு வயசு. அதே பதில் அதே எழுத்தில் திரும்ப வந்தது. மூன்றாம் தடவை எழுதியதற்கு, உங்கள் கருத்துக்கு நன்றி என்று வந்தது.

"போலீசுக்குப் போவோம்" என்றாள் ஞானசுந்தரி.

"என்னன்னு போய் நிக்க மதினி? வயச மாத்திக் குடுத்தது நான்தானே. எம்மேல கேஸ் போட்டா என்ன செய்ய? இவ அப்பா லோடுல இருக்காக. நான் உள்ள போயிட்டா இவ எங்க போவா?"

"மெதுவாப் பேசு."

ஆனால் அதற்குள் அது பிரீத்திகா படுத்திருந்த பக்கத்து அறைக்குப் போய்விட்டது. சின்ன வீட்டில் எந்தப் பேச்சும் நின்ற இடத்தில் நிற்பதில்லை.

மறுநாள் காலையில் மூன்று பேரும் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டரின் சட்டையில் சொர்ணலட்சுமி என்று பெயர் இருந்தது. ஐம்பது வயது இருக்கும். போனை வாங்கிப் பார்த்தாள். பாண்டிமீனா தள்ளிப் பார்க்காத இடம் வரைக்கும் தள்ளிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிள்ளையை அருகில் கூப்பிட்டாள்.

"பேரென்ன தாயி?"

"பிரீத்திகா."

"என்ன படிக்க?"

"ஏழாவது."

"வயசு?"

பிரீத்திகா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பதினெட்டு."

சொர்ணலட்சுமி பேனாவைக் கீழே வைத்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"நானேதான் போட்டேன்" என்றாள் பிரீத்திகா. "அம்மா தூங்கையில அவங்க முகத்துக்கு நேரா வச்சி எடுத்தேன். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

ஒன்பது நாளில் அவள் இத்தனை வார்த்தை பேசி அன்றுதான் கேட்டார்கள்.

பாண்டிமீனாவுக்குப் பழைய ஒரு நாள் ஞாபகம் வந்தது. பத்து வயதில் ஒருநாள், கம்பெனி வாசலில் அதிகாரிகளின் ஜீப் வந்து நின்றபோது, அவளுடைய அம்மா அவள் பாவாடைக்கு மேல் ஒரு தாவணியைச் சுற்றிவிட்டாள். கேட்டால் பதினஞ்சு என்று சொல் என்றாள். அதிகாரி கேட்டார். அவள் பதினஞ்சு என்றாள். பயந்து சொல்லவில்லை. அம்மாவுக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்றுதான் சொன்னாள். அந்த மனுஷர் அவளை ஒரு பார்வை பார்த்தார், எழுதிக்கொண்டார், போய்விட்டார். அன்றைக்கு அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். எம்பிள்ளை கெட்டிக்காரி என்றாள். வெகுநாள் வரைக்கும் தன் வாழ்க்கையில் நல்ல நாள் என்று பாண்டிமீனா நினைத்துக்கொண்டிருந்தது அந்த நாளைத்தான்.

சொர்ணலட்சுமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

"பன்னெண்டு மேடம்" என்றாள் பாண்டிமீனா. "வைகாசியோட பன்னெண்டு முடிஞ்சது. அவ பொய் சொல்லுதா. நான் முழிச்சுக்கிட்டுதான் காட்டுனேன்."

"தெரிஞ்சேதானா?"

"தெரிஞ்சேதான்."

"எதுக்கு?"

நான்கு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அவளிடம் பத்துப் பதில் இருந்திருக்கும். இப்போது தேடிப் பார்த்தாள். எல்லாம் தனக்காகச் சொல்லிக்கொண்டவையாக இருந்தன. பிள்ளைக்கென்று ஒன்றும் இல்லை.

"கேட்டா மேடம். சந்தோசமா இருக்கட்டும்னு குடுத்துட்டேன்."

"இங்கன வாரவுக எல்லாரும் இதத்தான் சொல்லுதாக" என்றாள் சொர்ணலட்சுமி. கோபமாகச் சொல்லவில்லை. "அதையும் எழுதித்தான் குடுக்கணும். வயசு பன்னெண்டுன்னு பள்ளிக்கூடத்துச் சான்றும் வேணும். அப்பத்தான் அந்தப் பய மேல போடுற கேஸ் நிக்கும்."

பிரீத்திகா அம்மாவைப் பார்க்கவில்லை. காப்பாற்றுவதற்காக நீட்டிய கையை யாரோ தட்டிவிட்டது போல அவள் முகம் இருந்தது.

சொர்ணலட்சுமி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது காக்கிச் சட்டை இல்லை. சாதாரண நூல் சேலை கட்டியிருந்தாள். பிள்ளையிடம் பேசும்போது யூனிஃபார்ம் போடக் கூடாது என்று சட்டமாம். அந்தச் சேலையில் அவள் தெருவில் எதிர்ப்படும் யாரோ ஒருத்தி போலிருந்தாள். பிரீத்திகாவின் உயரத்துக்குக் குனிந்து சொன்னாள்:

"நீயும் நானும் உள்ள போய் மெதுவாப் பேசுவோம். நடந்தத மட்டும் சொன்னாப் போதும். நீ நம்புற ஆள் யாராச்சும் ஒன்கூட இருக்கலாம். அது ஒன் விருப்பம். யாரு வேணும்?"

பாண்டிமீனா எழுந்துவிட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தும் விட்டாள்.

"அத்தை" என்றாள் பிரீத்திகா.

ஞானசுந்தரி திகைத்துப் போய்ப் பாண்டிமீனாவைப் பார்த்தாள். "இல்லத்தா, அம்மா வரட்டும்" என்று ஆரம்பித்தாள். பிரீத்திகா தலையை ஆட்டினாள். அத்தையின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அது கோபமா, வெட்கமா, இல்லை இன்னும் தாயைக் காப்பாற்றுவதாகத்தான் நினைக்கிறாளா என்று பாண்டிமீனாவுக்குப் புரியவில்லை. பிள்ளையை உனக்குத் தெரியுமா என்று அந்த இடத்தில் யாராவது கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது.

"போங்க மதினி" என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது.

வெளியே மர பெஞ்சு ஒன்று கிடந்தது. அவள் உட்கார்ந்தாள். ரோட்டில் அட்டைப்பெட்டி ஏற்றிய வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எவ்வளவு நேரம் போயிற்றோ, பையில் போன் அடித்தது. மாரீஸ்வரன்.

"ஏ மீனா, நாக்பூர் தாண்டிட்டேன். காலையில இருந்து அடிக்கேன், எடுக்கவே இல்ல. பாப்பா பள்ளிக்கூடம் போயிட்டாளா?"

"இல்ல. இங்கனதான் இருக்கா."

"எங்கன? என்ன, ஒரு மாதிரிப் பேசுத?"

அவள் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். முகம் காட்டியதையும் சொன்னாள். லாரியை ஓரம் கட்டுவது மட்டும் கேட்டது.

"இப்ப பாப்பா எங்க?" என்றான் கடைசியில்.

"உள்ள. பேசிக்கிட்டு இருக்கா."

"கூட யாரு இருக்கா?"

"உங்க அக்கா."

"நீ போகலையா?"

பாண்டிமீனா சாத்திய கதவைப் பார்த்தாள்.

"என்னைய வேண்டாம்னுட்டா."

ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் லாரிகள் இரைந்துகொண்டு கடந்து போவது கேட்டது. அவனும் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.