கல்லுக்குச் சாப்பாடு

ஈரச் செய்தித்தாளில் சுற்றியிருந்த கற்களைப் பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி, மாப்பிள்ளை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் இறக்கினான். கூடம் முழுக்கக் கடல் நாற்றம். மாமியார் மூக்கைப் பிடிக்கவில்லை. நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை, மீன் வரும்னு பாத்தா கல்லு வருது?"

"இது வெறும் கல்லு இல்ல அத்தை. உயிர்க்கல். கடலுக்குள்ள கெடந்தது. கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் உள்ள குடியிருக்கும். அதுங்கதான் தண்ணியச் சுத்தமா வெச்சுக்கும். அதுங்க நிலைச்ச பிறகுதான் மீன விடணும்."

"உயிர் இருக்கா?"

"ஆமா."

"அப்ப அதுக்குச் சாப்பாடு?"

"ஒண்ணும் போடக்கூடாது. அப்படியே விட்டுடணும்."

மாமியார் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டார் என்று பொருளில்லை. இது மகளுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு இன்னும் பிடிபடவில்லை.

அவன் ஏ.சி. மெக்கானிக். வண்ணமீன் கடையில் குளிரூட்டும் கருவியைச் சரிசெய்யப் போன இடத்தில்தான் அந்த மீன் ஜோடியைப் பார்த்தான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. பெரியது பெண், சிறியது ஆண். சிறியது பெரியதை விட்டு ஒரு சாண் விலகவில்லை. வேலை முடிந்தும் அவன் கிளம்பவில்லை. எடுத்து வைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்த பிறகுதான் தொட்டியே வாங்கினான்.

"பொண்ணு மாப்பிள்ளையப் பாத்து முடிச்சுட்டு வந்து, இப்ப வீடு கட்டறார்" என்றாள் மனைவி.

மாமியாருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. தேறும்வரை மகள் வீட்டில். அதற்குமுன் காலமெல்லாம் ஒரு மில் கேன்டீனில் சமைத்தவர். தட்டோடு வந்து நின்ற யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அவர் வந்த பிறகு மாப்பிள்ளை பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டியிருந்தது.

தினமும் வேலையிலிருந்து வந்ததும் தொட்டித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்குவான். மஞ்சளாக இருந்தால் தண்ணீர் தயார். பச்சை என்றால் ஏதோ அழுகுகிறது, மீன் தாங்காது. முதலில் பச்சைதான் வரும் என்பது தெரிந்ததே. ஆனால் இறங்க வேண்டிய பச்சை ஏறிக்கொண்டே போயிற்று. தண்ணீரை மாற்றினான். பம்பைக் கழற்றிக் கழுவினான். உப்பைச் சந்தேகப்பட்டான். கடைசியில் ஆயில் படிந்த தன் கையையே சந்தேகப்பட்டு, முழங்கை வரை தேய்த்துக் கழுவினான்.

"ஊரையே குளுகுளுன்னு ஆக்கறவருக்கு ஒரு தொட்டித் தண்ணி அடங்க மாட்டேங்குது, பாவம்" என்று மனைவி துண்டை நீட்டினாள்.

கடைக்காரர் போன் செய்தார். "சார், ஒருத்தர் பெரிசு மட்டும் போதும்னு ஒத்தக் கால்ல நிக்கறார். ஜோடியப் பிரிக்க எனக்கும் மனசில்ல. ஆனா கடைன்னு ஒண்ணு நடத்தணுமே. ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடுங்க. அதுக்கு மேல என்னைக் கோவிச்சுக்காதீங்க."

அன்று அவன் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான். மாமியார் அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒரு வேலை தள்ளிப்போனது. மதியமே வீடு திரும்பினான். தொட்டியின் மூடி திறந்திருந்தது. மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்து, அவித்த முட்டையைப் பொடிப்பொடியாகக் கிள்ளித் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார். பாதி, கல்லின் இடுக்குகளில் போய் மறைந்தது. ஒரு பொந்திலிருந்து காலெல்லாம் மயிர் முளைத்த நண்டு ஒன்று வெளியே வந்து, அவர் விரல் நுனியிலிருந்தே ஒரு துணுக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

"அத்தை!"

அவர் திடுக்கிடவில்லை. "பாத்தீங்களா? உள்ள ஆள் இருக்கு. நீங்க பாட்டுக்குப் பட்டினி போட்டுட்டு வேலைக்குப் போயிட்டீங்க."

"எத்தன நாளா?"

"வந்த அன்னிக்கே கண்ணு ரெண்டும் வெளிய நீட்டிப் பாத்துச்சு. எப்படி விடறது?"

மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்தான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மெதுவாகத்தான் சொன்னான்: நண்டு தின்றதுபோக மிச்சம் அழுகுகிறது, அதனால்தான் பச்சை.

மாமியார் கையிலிருந்த முட்டையைக் கிண்ணத்தில் வைத்தார். "அப்ப நான்தான் கெடுத்தேனா?"

"கல்லு புதுசு. அதுவும் ஒரு காரணம்" என்றான். அது பாதிப் பொய். மனைவி வந்து கேட்டபோதும் பம்பில் கோளாறு என்றான்.

நண்டைத் தொட்டியில் விட்டுவைக்க முடியாது, மீனைக் கிழித்துவிடும். கல்லோடு வெளியே எடுத்தான். மாமியார் கண்ணை எடுக்காமல் பார்த்தார். அவன் அலமாரியிலிருந்து ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தை இறக்கி, உப்புத் தண்ணீர் நிரப்பி, கல்லை அதில் வைத்தான்.

"இதுக்கு நீங்க போடலாம். கடுகளவு."

அவர் தலையசைத்தார். ஆனால் அன்று போடவில்லை.

சனிக்கிழமை மாலை குழாயில் பச்சை கொஞ்சம் வெளுத்திருந்தது. மஞ்சளாக நாளாகும். "போகட்டும், வேற மீன் கிடைக்காமலா போயிடும்" என்று மனைவியிடம் சொன்னான். சொன்ன குரலை அவனே நம்பவில்லை.

ஞாயிறு காலை மாமியாரின் அறை காலியாக இருந்தது. கைத்தடியும் இல்லை. வாசலுக்கு ஓடினார்கள். அதற்குள் போன் அடித்தது.

"சார், உங்க மாமியார் ஆட்டோ புடிச்சு இங்க வந்து உக்காந்திருக்காங்க" என்றார் கடைக்காரர். "எழுந்துக்க மாட்டேங்கறாங்க."

வேனை விரட்டிக்கொண்டு போனான். ஜோடி இருந்த தொட்டிக்கு நேர் முன்னால், வழியை அடைத்தபடி, மாமியார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கைத்தடி.

"அந்த ஆள் வந்தாரா?"

"வந்தார்" என்றார் மாமியார். "எடுத்தா ரெண்டையும் எடுங்க, ஒண்ணை மட்டும் கொண்டுபோக விடமாட்டேன்னேன். நீங்க யாருன்னு கேட்டார். மாப்பிள்ளை வீட்டுத் தண்ணியக் கெடுத்தவ, அது தெளியற வரைக்கும் இங்கதான் இருப்பேன்னு சொன்னேன்."

கடைக்காரர் கையைக் கூப்பினார். "அவர் மீனும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு ஓடிட்டார் சார். உங்க தண்ணி எப்ப மஞ்சளாகுதோ அப்ப வாங்க. அது வரைக்கும் ஜோடி உங்களோடது. இவங்கள மட்டும் இப்ப கூட்டிட்டுப் போயிடுங்க."

"வார்த்தை மாறக்கூடாது" என்றார் மாமியார்.

"மாற மாட்டேன்மா."

எழப் பார்த்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மகளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து எதையும் மாப்பிள்ளையின் கையில் நேராகக் கொடுக்காமல் மேஜையில்தான் வைப்பவர் அவர்.

"கை குடுங்க மாப்பிள்ளை."

அவன் குனிந்து தோளைக் கொடுத்தான். முழுப் பாரத்தையும் அவர் அதில் போட்டார். வேன் வரை நடந்து சேர நேரமாயிற்று. முன் இருக்கையில் கிடந்த ஏ.சி. கேஸ் சிலிண்டரைப் பின்னால் தூக்கி வைத்தான். அவரை ஏற்றி உட்காரவைத்துவிட்டு, காலை நீட்ட இடம் போதுமா என்று கேட்டான்.