4127ஆம் அட்டை

1

பதினொரு நாட்களாக ஸல்மா ஒரு நூற்பட்டியல் அட்டையைக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். பதுளையில் அவள் வேலைசெய்யும் நூலகம், 2004. இதை அவளே நேற்று பஸ் தரிப்பிடத்தில், பக்கத்தில் நின்ற யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோல், என்னிடம் சொன்னாள். [எந்த பஸ் என்பது தேவையில்லை.]

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய காலையில் ஸல்மா..." வேண்டாம். நான் விஞ்ஞானம் படித்தவள், அளந்துதான் எழுத வரும்.

நூலகத்தின் அட்டைகளில் இருப்பதையெல்லாம் கணினியில் ஏற்றுகிறார்கள். புதிய விதிப்படி அட்டையைப் பார்த்து எழுதக்கூடாது. புத்தகத்தையே கையில் எடுத்து, பக்கம் பார்த்து, உயரம் அளந்து ஏற்ற வேண்டும். அட்டை இருந்து புத்தகம் இல்லையென்றால் அகப்பட்டுவிடும்.

நூலகர் ஸ்ரீஸ்கந்தராஜா கேட்டார்:

"பிள்ளை, 4127 எங்கை? அந்த ரசாயனப் புத்தகம்."

"தேடுறேன் சேர்."

"பத்து நாளாத் தேடுறீர். என்ன, நமுனுகுல மலை ஏறிட்டுதோ?"

ஸல்மா சிரிக்கக் கொஞ்சம் தாமதித்தாள்.

(மடியில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்து அதன்மேல் எழுதுகிறேன். எழுத்து சாய்கிறது.)

3

நூலகத்தில் அங்கத்தவராக, நகரில் வரி கட்டும் ஒருவர் பிணைக் கையெழுத்திட வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருப்பவர்களுக்கு யார் இடுவார்? ஆறு வருடங்களுக்கு முன் ஸல்மா அந்தப் புத்தகத்தைப் பதியாமலே கொடுத்தாள். வாங்கியவர் ரெங்கசாமி என்ற...

[இவரை நானே நம்பவில்லை. அடித்துவிடுகிறேன்.]

வாங்கியவர் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்து ஆள்.

"சோதனை முடிஞ்சதும் கொண்டாந்துருவேன் மிஸ்."

"கொண்டுவராட்டி எனக்குத்தான் ஏச்சு."

"ஆமாங்க மிஸ்."

பரீட்சை முடிந்தது. ஒரு வாரம் பிந்தியது. பிறகு வெட்கம், பிறகு பல்கலைக்கழகம்.

4

முடிவு அ: புத்தகம் அலுமாரிக்குப் பின்னால் கிடைக்கிறது. பொய்.

முடிவு ஆ: ஸ்ரீஸ்கந்தராஜா மன்னித்து விடுகிறார். அவர் அப்படிப்பட்ட ஆளில்லை. நேற்று அட்டையைக் கைப்பையில் கண்டுபிடித்துவிட்டார்.

"ஆருக்குக் குடுத்தனீர் எண்டு எழுதித் தாரும். இல்லாட்டி திங்கட்கிழமை விசாரணை. வேலையும் போகும்."

"பேர் ஞாபகம் இல்ல சேர்."

பஸ் வந்தபோது ஸல்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "புள்ள, படிச்சு முடிச்சிட்டீங்களா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

5

திங்கட்கிழமையை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு மீதி ஒரே ஒரு வாக்கியம். ஆளில்லாத அறையில் அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன்:

"புத்தகம் எங்கிட்டதான் இருக்கு மிஸ்."